உபதேசியாரும் உபதேசியாரம்மாளும்

யூபிலி மலர் என்றால் அதில் பங்குத்தந்தையரின் பட்டியல் தவறாமல் இடம்பெறும். யார் எந்த ஆண்டு வந்தார், எந்த ஆண்டு மாற்றலாகிப் போனார் என்பதை ஏடுகளைப் பார்த்து எழுதிவிடலாம். ஆனால் குருவானவர் வருமுன் கோவில் கதவைத் திறந்து வைத்தவர் யார்? அவர் போன பின்னும் மக்களோடு தங்கியவர் யார்? உபதேசியாரும் அவருடைய இல்லாளுமே. அவர்களுக்கென்று பட்டியல் இல்லை. அக்குறையைச் சிறிதேனும் தீர்க்க இவ்வரலாற்றை எழுத முற்பட்டோம்.

இப்பணி அப்போஸ்தலர் காலத்திலேயே தொடங்கியது. அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும் கூடாரம் செய்து பிழைத்த தம்பதியர். உரோமையிலிருந்து துரத்தப்பட்டுக் கொரிந்து நகருக்கு வந்த இவர்களுடைய வீட்டில்தான் புனித சின்னப்பர் தங்கி, அவர்களோடு அதே தொழிலைச் செய்தார். பின்னர் எபேசு நகரில், சொல்வன்மை மிக்க அப்பொல்லோவைத் தங்களிடம் அழைத்து மறையை இன்னும் திருத்தமாக விளக்கியவர்களும் இவ்விருவரே. அவர்கள் வீடே சபை கூடும் இடமாயிற்று.

தமிழகத்தில் இதற்கு வழிவகுத்தவர் புனித சவேரியார். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அவர், ஊருக்கு ஊர் நடந்து மந்திரங்களைக் கற்பித்தார். ஓர் ஊரில் நெடுநாள் தங்க அவரால் இயலவில்லை. ஆகவே ஊர்தோறும் ஒருவரைக் 'கணக்கப்பிள்ளை' என்று நியமித்தார். பிள்ளைகளைக் கூட்டிச் செபம் சொல்லிக் கொடுப்பதும், சாகும் தறுவாயில் உள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் அவர் கடமை. இவர்களுடைய சம்பளத்துக்காகச் சவேரியார், போர்த்துக்கல் அரசியின் மிதியடிச் செலவுக்கென்று இக்கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த 4,000 பணத்தைக் கேட்டு வாங்கினார். அரசியின் மிதியடிப் பணம் ஏழைப் பிள்ளைகளின் ஞானோபதேசத்துக்கு ஆனது!

1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் பூத்தாரி அடிகளாரிடம் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவருக்கு ஞானத்தந்தையாக நின்றவர் அவ்வூர் உபதேசியார் ஞானப்பிரகாசம். தேவசகாயத்தின் மனைவி பார்கவியும் மறை தழுவி ஞானப்பூ ஆனார். 2022 மே 15 அன்று தேவசகாயம் புனிதராக உயர்த்தப்பட்டபோது உலகமே மகிழ்ந்தது. அன்று அந்த உபதேசியாரை எத்தனை பேர் நினைத்தோம்?

1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. அச்சபைக் குருக்கள் மதுரை மறைத்தளத்துக்கு மீண்டும் வர 1838 ஆயிற்று. குருக்கள் அரிதாயிருந்த அந்நாட்களில் விசுவாசம் அணையாமல் காத்தவர்களுள் உபதேசியார்கள் முதன்மையானவர்கள். திரிகால மணி அடிப்பதும், செபமாலை முன்னின்று சொல்வதும், மரணப்படுக்கையில் கிடப்போர் அருகே நன்மரணச் செபம் சொல்வதும் உபதேசியாரின் அன்றாட வேலை. பெண்பிள்ளைகளைப் புதுநன்மைக்கு ஆயத்தம் செய்வதும், பீடத்துணிகளை வெளுத்து மடிப்பதும், சண்டையிட்ட வீடுகளில் பெண்களிடம் பேசி ஒப்புரவாக்குவதும் உபதேசியாரம்மாளின் வேலை. சம்பளம் ஒருவருக்கு, உழைப்போ இருவருடையது.

நம் வடசென்னை உழைப்பாளிகளின் பூமி. இராயபுரத்தில் புனித இராயப்பருக்கு ஆலயம் எழுப்பியவர்கள் படகோட்டிகள். 1856-இல் இராயபுரத்திலிருந்து இரயில் ஓடத் தொடங்கிய பின் ஆலைகளும் பணிமனைகளும் பெருகின. பல ஊர்களிலிருந்தும் மக்கள் குடியேறினர். பேசின் பிரிட்ஜில் இரயில் பாதைகள் பிரிவதுபோல் ஷிப்டு வேலை குடும்பத்தைப் பிரித்தது. தகப்பன் இரவு வேலைக்குப் போன வீட்டில், விளக்கேற்றிப் பிள்ளைகளை முழந்தாளிடச் செய்தவள் தாய். அவளும் ஓர் உபதேசியாரே.

உபதேசியாரின் சிறு வீடு இன்று பல கோவில்களில் இல்லை, அலுவலகம் இருக்கிறது. ஆனால் பணி தீர்ந்துவிடவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் மறைபரப்புப் பணி பற்றிய தன் ஏட்டில், ஆண் பெண் இருபாலாருமான உபதேசியார்களைப் புகழ்ந்து போற்றியது. 2021 மே 10 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் இதை முறையான திருப்பணியாகவே நிறுவினார்.

அன்புக்குரிய பங்கு மக்களே! உங்களுக்குச் சிலுவை அடையாளம் போடக் கற்றுத் தந்தவர் யார் என்று இன்றிரவு வீட்டில் பேசுங்கள். பெரியவர்களிடம் கேட்டு அப்பெயர்களை எழுதிக் கொண்டு வாருங்கள். அவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்போம். பணி ஓய்வு பெற்ற தம்பதியரே! பிள்ளைகள் வளர்ந்து அவரவர் வழி போயிருப்பார்கள். மாலைப் பொழுது உங்களுக்கு நீளும். தெருவில் நாலு பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைக்க உங்கள் திண்ணை போதும். அடுத்த யூபிலி மலரில் அந்தப் பட்டியலும் இடம்பெறட்டும்.