ஒரு லட்சம் என்கிற எண்

அக்காவுக்கு ஒரே வருஷத்தில் நான்காவது தடவை நீர்க்கடுப்பு. நான்கு தடவையும் யூரின் கல்ச்சர். முதல் இரண்டில் ஈ. கோலை வளர்ந்தது. அடுத்த இரண்டில் 'குறிப்பிடத்தக்க வளர்ச்சி இல்லை'. "அப்ப எனக்கு எரியறது பொய்யாடா?" என்றாள்.

அந்தக் 'குறிப்பிடத்தக்க' எங்கிருந்து வந்தது என்று தேடினால் 1956-இல் போய் நின்றேன். பாஸ்டன் சிட்டி ஹாஸ்பிடலில் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர். நாம் பிடித்துத் தரும் சிறுநீரில் தோலில் இருக்கும் கிருமியும் கலந்துவிடும். கலக்காமல் எடுக்கக் குழாய் செருகினால், குழாயே கிருமியை உள்ளே கொண்டுபோகும். அதனால் எண்ணிப் பார்த்தார். ஒரு மில்லிலிட்டரில் 1,00,000 அல்லது அதற்கு மேல் என்றால் தொற்று. கீழே என்றால் பெரும்பாலும் வெளியிலிருந்து கலந்தது. ஆனால் அவர் கவனித்தது சிறுநீரகம் வரை தொற்று ஏறியவர்களையும், அறிகுறியே இல்லாதவர்களையும். எரிச்சலோடு வந்து நிற்கும் அக்கா மாதிரி ஆட்களுக்காகப் போட்ட கணக்கு இல்லை அது.

எங்கள் வேலையில் இது சகஜம். யாரோ ஒரு காரணத்துக்காகக் கோடில் எழுதி வைத்த எண். ஆள் போயிருப்பார், காரணம் மறந்திருக்கும், எண் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். (காஸைக் குறை சொல்லவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு அது நல்ல பதில்தான்.)

1982-இல் வால்டர் ஸ்டாமும் சக மருத்துவர்களும் நீர்க்கடுப்போடு வந்த பெண்களையே சோதித்து எழுதினார்கள். சிறுநீர்ப்பையிலிருந்து ஊசியாலோ குழாயாலோ நேரடியாக எடுத்த மாதிரி ஒன்று, அவர்களே பிடித்துத் தந்தது ஒன்று. பையில் கோலிஃபார்ம் கிருமி இருந்தவர்களில், ஒரு லட்சம் என்ற அளவுகோல் கண்டுபிடித்தது 51 சதவீதம் பேரை மட்டும். மீதிப் பாதிக்கு 'இல்லை'! அளவை 100-க்கு இறக்கினால் 95 சதவீதம் பேர் பிடிபட்டார்கள். சும்மா கிடைக்கவில்லை, அந்தக் கிருமி இல்லாதவர்களிலும் 15 சதவீதம் பேருக்கு 'இருக்கிறது' என்று வரும்.

லேபில் தட்டில் தீற்றப் பயன்படும் சின்ன வளையம் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் அள்ளும். ஒரு புள்ளி முளைத்தாலே 1,000 என்று கணக்கு. 100 கிருமி இருக்கும் சிறுநீரில் அநேகமாகத் தட்டு காலியாகத்தான் இருக்கும். கிருமி இல்லை என்பதும், இருந்தாலும் எங்கள் வளையத்தில் சிக்கவில்லை என்பதும் ரிப்போர்ட்டில் ஒரே வரி.

எரிச்சலுக்கு வேறு காரணங்களும் உண்டு, கிருமிதான் என்று நாமே முடிவு கட்டக்கூடாது என்பதையும் அக்காவிடம் சொன்னேன். ஐந்தாவது தடவை லேபில் அவளே கேட்டாள்: "எத்தனைக்குக் கீழ இருந்தா 'இல்லை'ன்னு போடுவீங்க?"

கவுன்டரில் இருந்த பையன் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அது டெம்ப்ளேட்ல வர்றதுங்க மேடம்."