நாலு மேட்ச் தோற்றதும் கோச்சை மாற்றுவது சரியா? சீசன் நடுவே நடக்கும் பணிநீக்கங்கள் சொல்வது என்ன?

உங்கள் டீம் முதல் ஐந்து மேட்ச்சில் நாலைத் தோற்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் முதலில் வரும் மெசேஜ் என்னவாக இருக்கும்? "கோச்சை மாத்துங்கப்பா!" என்பதாகத்தான் இருக்கும். இரண்டு நாளில் கிளப்பின் சமூக ஊடகப் பக்கத்தில் ஒரு அறிக்கை வரும். "பரஸ்பர சம்மதத்துடன் பிரிகிறோம்" என்று அதில் நாகரிகமாக எழுதியிருப்பார்கள்.

இந்த முடிவு உண்மையில் பலன் தருகிறதா? எப்போது சரி, எப்போது வெறும் பதற்றம்? நமக்குத் தெரிந்த அணிகளை வைத்தே பார்ப்போம்.

சென்னையின் எஃப்சி: மாற்றியதால் எழுந்த அணி?

மாற்றத்தை ஆதரிப்பவர்களுக்குக் கையில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2019-20 ஐஎஸ்எல் சீசன். சென்னையின் எஃப்சி பயிற்சியாளர் ஜான் கிரிகரி சாதாரண ஆள் இல்லை. 2017-18 சீசனில் அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். ஆனால் அடுத்த சீசனில் அணி கடைசி இடத்துக்குப் போனது. அதற்கடுத்த சீசனின் முதல் 6 மேட்ச்சில் ஒரே ஒரு வெற்றி. முதல் நான்கு மேட்ச்சில் ஒரு கோல்கூட விழவில்லை.

நவம்பர் கடைசியில் கிரிகரி விலகினார். ஓவன் கோயல் வந்தார். முதல் 6 மேட்ச்சில் 5 புள்ளி எடுத்த அதே அணி, அடுத்த 12 மேட்ச்சில் 24 புள்ளி எடுத்தது. நாலாவது இடம், அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக வெற்றி, பிறகு ஃபைனல். 2020 மார்ச் 14 அன்று கொரோனா காரணமாக ரசிகர்களே இல்லாத கோவா மைதானத்தில் ஏடிகே-யிடம் 3-1 என்று தோற்றார்கள். ஆனாலும் அது மறக்க முடியாத மீட்சி.

"பார்த்தீங்களா, கோச்சை மாத்தினதும் டீம் எழுந்திரிச்சிடுச்சு" என்று சொல்லத் தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள். அந்த சீசனில் 15 கோல் அடித்த வால்ஸ்கிஸ், நடுக்களத்தில் ஆட்டத்தை நடத்திய கிரிவெல்லாரோ எல்லாரும் கிரிகரி இருக்கும்போதே அணிக்கு வந்தவர்கள். கிரிகரியே தொடர்ந்திருந்தால் இவர்கள் கோல் அடிக்காமலே இருந்திருப்பார்களா? அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. இந்த விவாதத்தின் முடிச்சே இங்கேதான்.

சராசரி என்ற கண்ணுக்குத் தெரியாத ஆட்டக்காரர்

ஒரு கோச்சை எப்போது நீக்குகிறார்கள்? அணி மிக மோசமாக ஆடும்போது. அந்தக் கட்டத்தில் திறமைக் குறைவு மட்டும் இருக்காது. துரதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கும். போஸ்ட்டில் பட்டுத் திரும்பிய பந்து, தவறாகக் கொடுக்கப்பட்ட பெனால்டி, முக்கிய வீரரின் காயம், தொடர்ந்து வலுவான எதிரணிகள் என்று எத்தனையோ. இவை எல்லாம் நிரந்தரமாக ஒரே பக்கம் நிற்காது. யார் கோச்சாக இருந்தாலும் முடிவுகள் அணியின் வழக்கமான தரத்தை நோக்கித் திரும்பும். புள்ளியியலில் இதைச் 'சராசரிக்குத் திரும்புதல்' என்பார்கள்.

நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன் சொன்ன ஒரு அனுபவம் இதற்குப் பொருந்தும். இஸ்ரேல் விமானப்படைப் பயிற்றுநர்கள் அவரிடம் ஒன்று சொன்னார்கள். நன்றாக ஓட்டிய மாணவனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், மோசமாக ஓட்டியவனைத் திட்டினால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறான், ஆகவே திட்டுவதுதான் வேலை செய்கிறது என்பது அவர்கள் வாதம். கானமன் கண்டது வேறு. மிக மோசமான ஒரு முயற்சிக்குப் பிறகு, திட்டினாலும் திட்டாவிட்டாலும், அடுத்தது பெரும்பாலும் கொஞ்சம் நன்றாகவே இருக்கும். கோச்சை நீக்குவதும் அந்தத் திட்டு மாதிரிதான். பலன் கிடைத்தது போலவே தெரியும்.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அதே அளவு சரிந்தும் கோச்சை மாற்றாத அணிகளோடு ஒப்பிட வேண்டும். பொருளாதார அறிஞர் பாஸ் டெர் வீல், நெதர்லாந்து கால்பந்தில் 1986 முதல் 2004 வரை நடந்த பயிற்சியாளர் மாற்றங்களை எடுத்துக்கொண்டு இதைத்தான் செய்தார். கோச்சை நீக்கிய அணிகள் மீண்டன. நீக்காத அணிகளும் மீண்டன. நீக்கியதால் கூடுதல் பலன் கிடைத்தது என்று சொல்ல முடியவில்லை.

பொறுமை காத்த பெங்களூரு

2024 ஐபிஎல் நினைவிருக்கிறதா? ஆர்சிபி முதல் 8 மேட்ச்சில் 7 தோல்வி. புள்ளிப் பட்டியலில் கடைசி இடம். தலைமைப் பயிற்சியாளர் ஆண்டி ஃபிளவருக்கு அது முதல் சீசன். மீம்ஸ் பறந்த அந்த ஏப்ரலில் அவரை அனுப்பியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். நிர்வாகம் அதைச் செய்யவில்லை. அடுத்த 6 லீக் மேட்ச்சையும் வரிசையாக ஜெயித்து, பிளேஆஃபுக்கே போனார்கள். அதே ஃபிளவரின் பயிற்சியில்தான் 2025-ல் முதல் முறையாகக் கோப்பையும் தூக்கினார்கள்.

அதே ஊரின் கால்பந்து அணியைப் பாருங்கள். 2022-23 ஐஎஸ்எல்-இல் பெங்களூரு எஃப்சி-க்கு முதல் பாதி படுமோசம். பயிற்சியாளர் சைமன் கிரேசனைத் தொடரவிட்டார்கள். லீக்கில் வரிசையாக 8 வெற்றி, பிறகு ஃபைனல். அங்கே பெனால்டி ஷூட்அவுட்டில்தான் ஏடிகே மோகன் பகானிடம் தோற்றார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அடுத்த சீசனில் மறுபடி சரிவு. 2023 டிசம்பரில் கிரேசனை நீக்கினார்கள். மாற்றிய பிறகும் அணி பத்தாவது இடத்தில்தான் முடித்தது. புதிதாக வந்த ஜெரார்ட் சரகோசாவுக்குச் சீசனுக்கு முந்தைய முழுப் பயிற்சிக் காலமும் கிடைத்த 2024-25-ல்தான் அணி மறுபடி ஃபைனலுக்குப் போனது. புது கோச்சின் பலனைப் பார்க்கவும் நேரம் தேவை என்பதுதான் இதில் நமக்குக் கிடைக்கும் செய்தி.

இருந்தும் ஏன் நீக்குகிறார்கள்?

காரணம் எளிது. சீசன் நடுவே வீரர்களை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. வீரர்களை வாங்க, விற்கக் குறிப்பிட்ட காலம் மட்டுமே உண்டு. இருபது, இருபத்தைந்து பேரை மாற்ற முடியாதபோது, மாற்ற முடிகிற ஒரே ஆள் கோச்தான். உரிமையாளருக்கு 'ஏதோ செய்தோம்' என்று காட்டியாக வேண்டும். ரசிகர் கோபத்துக்கு ஒரு வடிகாலும் கிடைக்கும்.

ஐரோப்பாவில் பணக் கணக்கும் சேரும். இங்கிலாந்து பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கினால் ஒளிபரப்பு வருமானம் பெருமளவு குறைந்துவிடும். அந்தப் பயத்தில் இருக்கும் கிளப்பிடம் 'பொறுமையாக இருங்கள்' என்று சொல்வது எளிதல்ல. ஐபிஎல்-இல் கீழிறங்குதல் கிடையாது. லீக் கட்டமே ஒரு அணிக்கு 14 மேட்ச்தான். அதனால் அங்கே பெரும்பாலும் கோச்சைவிடக் கேப்டன் தலைதான் முதலில் உருளும்.

அதிலும் ஒரே மாதிரி பலன் இல்லை. 2013-ல் ரிக்கி பாண்டிங் தானாகவே ஒதுங்க, ரோஹித் சர்மா கேப்டன் ஆனார். மும்பை இந்தியன்ஸ் முதல் கோப்பையை வென்றது. 2021-ல் 6 மேட்ச்சில் ஒரே வெற்றி என்ற நிலையில் டேவிட் வார்னரிடமிருந்து கேன் வில்லியம்சனுக்குப் பொறுப்பை மாற்றியது சன்ரைசர்ஸ் ஹைதராபாத். கடைசி இடத்தில்தான் முடித்தது. நமக்கு முதல் கதை நினைவில் நிற்கிறது, இரண்டாவது மறந்துபோகிறது.

மாற்றம் எப்போது வேலை செய்தது?

எப்போதுமே மாற்றக் கூடாது என்று சொல்ல முடியாது. இந்தியாவிலேயே இரண்டு தெளிவான உதாரணங்கள் உண்டு.

2021 ஜனவரியில் நார்த் ஈஸ்ட் யுனைடெட், 11 மேட்ச்சில் 12 புள்ளி என்ற நிலையில் ஜெரார்ட் நுஸை நீக்கியது. அணியிலேயே உதவிப் பயிற்சியாளராக இருந்த காலித் ஜமீல் இடைக்காலப் பொறுப்பேற்றார். மீதமிருந்த 9 லீக் மேட்ச்சில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. 21 புள்ளி எடுத்து, மூன்றாவது இடம் பிடித்தார்கள். ஐஎஸ்எல் பிளேஆஃபுக்கு அணியை அழைத்துச் சென்ற முதல் இந்தியப் பயிற்சியாளர் ஜமீல்தான். 2025-ல் இந்திய அணிக்கே பயிற்சியாளர் ஆனார்.

2024 ஜனவரியில் மோகன் பகான், வரிசையாக மூன்று ஐஎஸ்எல் தோல்விகளுக்குப் பிறகு, முந்தைய சீசனில் கோப்பை வென்று தந்த ஹுவான் ஃபெராண்டோவை அனுப்பியது. கிளப்பிலேயே தொழில்நுட்ப இயக்குநராக இருந்த அன்டோனியோ ஹபாஸ் அந்த இடத்துக்கு வந்தார். அந்த சீசனில் லீக்கில் முதலிடம் பிடித்து ஷீல்டை வென்றார்கள்.

இரண்டிலும் பொதுவான ஒன்று தெரிகிறதா? அடுத்து வரும் ஆள் ஏற்கெனவே கிளப்புக்குள் இருந்தார். வீரர்களையும் லீக்கையும் தெரிந்தவர். மூன்றாவது மேட்ச்சிலேயே பதறாமல், சீசனில் பாதி அளவு ஆன பிறகே முடிவெடுத்தார்கள். சென்னையின் கோயல் வெளியிலிருந்து வந்தவர்தான், ஆகவே இது மாறாத விதி இல்லை. ஆனால் வாய்ப்பைக் கூட்டும் விஷயம்.

மாற்றுத் திட்டம் சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2025-ன் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் சாட்சி. முந்தைய சீசனில் ஏழாவது இடம் பிடித்துத் தந்த நூனோவை மூன்றே லீக் மேட்ச்சுக்குப் பிறகு அனுப்பினார்கள். உரிமையாளருடன் உறவு கசந்திருந்தது. செப்டம்பரில் வந்த ஆஞ்ச் போஸ்டகோக்ளு 8 மேட்ச்சில் ஒன்றைக்கூட ஜெயிக்கவில்லை. 39-வது நாளில், செல்சியிடம் தோற்ற சில நிமிடங்களிலேயே அவரையும் நீக்கினார்கள். ஒன்றரை மாதத்தில் இரண்டு கோச், மூன்றாவது ஆளுக்கான தேடல்.

அதே ஆண்டு ஜெர்மனியில் பேயர் லெவர்குசன், எரிக் டென் ஹாக்கை இரண்டே லீக் மேட்ச்சில் நீக்கியது. இந்த அமைப்பில் வெற்றிகரமான அணியைக் கட்ட முடியாது என்று நிர்வாகம் சொன்னது. அது சரியாகவே இருக்கலாம். ஆனால் இரண்டு மேட்ச்சில் ஒருவர் சரிவர மாட்டார் என்று தெரிந்துவிட்டதென்றால், தவறு ஆகஸ்டில் நடக்கவில்லை, அவரைத் தேர்ந்தெடுத்த மே மாதத்தில் நடந்தது.

நீக்கும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. ஆட்டம் மோசமா, முடிவு மட்டும் மோசமா? வாய்ப்புகளின் தரத்தை அளக்கும் 'எக்ஸ்ஜி' போன்ற கணக்குகள் இதற்குத்தான். நல்ல வாய்ப்புகளை உருவாக்கியும் கோல் விழவில்லை என்றால் காத்திருக்கலாம். வாய்ப்பே உருவாகவில்லை என்றால் கவலைப்பட வேண்டும்.

2. யாருடன் ஆடினோம், யார் இல்லாமல் ஆடினோம்? முதல் ஐந்தில் நாலு வலுவான அணிகள், இரண்டு முக்கிய வீரர்கள் காயம் என்றால் புள்ளிப் பட்டியல் இன்னும் எதையும் சொல்லவில்லை.

3. டிரெஸ்ஸிங் ரூம் கோச்சின் பேச்சைக் கேட்கிறதா? வீரர்கள் நம்பிக்கை இழந்துவிட்டால் நாள் கடத்துவதில் அர்த்தமில்லை. வீரர்களை அவமானப்படுத்துவது, ஒழுங்கு மீறல் போன்றவற்றுக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

4. அடுத்தது யார்? பெயர் தயாராக இல்லாமல் நீக்குவது முடிவெடுப்பது ஆகாது, முடிவைத் தள்ளிப்போடுவதுதான்.

செலவையும் மறக்க வேண்டாம். ஒப்பந்தத்தில் மீதமிருக்கும் காலத்துக்கு இழப்பீடு தர வேண்டியிருக்கும். பயிற்சியாளர் ஒப்பந்தங்களுக்கென 2021 முதல் ஃபிஃபாவில் தனி விதிகளே உண்டு. தலைமை கோச் போகும்போது அவர் அழைத்து வந்த உதவிப் பயிற்சியாளர்கள், உடற்தகுதி நிபுணர்கள் வேலையும் பெரும்பாலும் சேர்ந்தே போகும். அவர்கள் பெயர் எந்தச் செய்தியிலும் வராது.

அப்படியென்றால் பதில் என்ன?

சீசன் தொடக்கத் தோல்விகளை மட்டும் வைத்து கோச்சை நீக்குவது பெரும்பாலும் தவறு. சின்ன எண்ணிக்கையை வைத்துப் பெரிய முடிவு எடுப்பது அது. ஆனால் தோல்விக்குப் பின்னால் வேறு ஒரு உண்மையான காரணம் இருந்தால், அதற்காக நீக்கலாம்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. "இதே ஆட்களோடு, இதே முறையில் ஆடி, அந்த நாலு மேட்ச்சையும் அதிர்ஷ்டத்தில் ஜெயித்திருந்தால், இவரை நீக்குவோமா?" ஆம் என்றால் காரணம் உண்மையானது, தாமதிக்க வேண்டாம். இல்லை என்றால் நீங்கள் தண்டிப்பது துரதிர்ஷ்டத்தை.

இந்தக் கேள்வி மைதானத்தோடு நிற்பதில்லை. புதிதாகச் சேர்ந்த ஒருவரின் முதல் மூன்று மாத டார்கெட்டை மட்டும் பார்த்து அவர் தகுதியை எடைபோடும் இடத்தில் நாளை நீங்கள் உட்காரலாம். அல்லது எடைபோடப்படுபவரே நீங்களாக இருக்கலாம். அப்போதும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.