போட் மெயிலில் வந்த டிரங்குப் பெட்டி

காணைக்காரர்களுக்கு வெளியூர் என்பது விழுப்புரம் சந்திப்பில்தான் தொடங்குகிறது. 1952 ஆகஸ்ட் இறுதியில் ஓர் இரவு, எழும்பூரிலிருந்து கிளம்பிய இந்தோ-சிலோன் போட் மெயில் திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் கடந்து சென்றபோது அதில் ஒரு டிரங்குப் பெட்டியும் பயணம் செய்தது. நாற்றம் தாங்காமல் மானாமதுரையில் அதைத் திறந்தார்கள். உள்ளே தலையில்லாத உடல். தலை பின்னர் சென்னை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இறந்தவர் பேனா வியாபாரி ஆளவந்தார்.

குற்றவியல் வக்கீல்கள் கூடிப் பேசும் இடங்களில் இவ்வழக்கு இன்றும் எழுவதற்குக் காரணம் பெட்டியல்ல, எதிர்த்தரப்பு தேர்ந்துகொண்ட வழி. ஆளவந்தார் முன்பு ராணுவத்தில் இருந்தவர். அவருடைய கைரேகை அங்கே பதிவாகியிருந்தது. தலையும் உடலும் ஒருவருடையவையே என்று மருத்துவர்களும் நிறுவினார்கள். ஆகவே 'இது அவரல்ல' என்ற வாதத்துக்கு இடமில்லை. அரசுத் தரப்பில் நின்றவரோ கோவிந்த் சுவாமிநாதன்.

மிஞ்சியது 'ஏன்' என்ற கேள்வி மட்டும். குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஒரு கணவனும் மனைவியும். அந்தப் பெண்ணுக்கும் ஆளவந்தாருக்கும் முன்பு தொடர்பிருந்தது. அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவு, கடுமையான, திடீரென்ற ஆத்திரமூட்டலால் நிதானமிழந்து செய்த கொலைக்கு விலக்களித்தது. தலையை அறுத்ததும் உடலை ரயிலேற்றியதும் நிதானமிழந்தவன் செயலா என்று கேட்கத் தோன்றும். ஆனால் சட்டம் அளப்பது கொன்ற கணத்தின் மனநிலையை. பிறகு நடந்தவை அம்மனநிலைக்குச் சான்றாகலாம், அவ்வளவே.

1953இல் நீதிபதி பஞ்சாபகேச அய்யர் முன்னால் விசாரணை நடந்தது. கணவனுக்கு ஏழாண்டு, மனைவிக்கு மூன்றாண்டு. கொலைக்குற்றம் என்றால் தூக்கு, இல்லையேல் ஆயுள் தண்டனை. எனவே ஏழாண்டு என்ற எண்ணே விலக்கு ஏற்கப்பட்டதைச் சொல்லிவிடுகிறது. 1959இல் பம்பாயில் நானாவதிக்கும் இதே விலக்கைத்தான் கோரினார்கள். ஆத்திரத்துக்கும் துப்பாக்கிக்கும் இடையே சுமார் மூன்று மணி நேரம் இருந்தது. 1961இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

சாமர்த்தியமான வாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது வெல்ல வேண்டுமானால் செத்தவனின் ஒழுக்கம் கூண்டிலேற வேண்டும். அவனால் பதில் சொல்ல முடியாது. ஆளவந்தார் பெண்பித்தர் என்பது இந்த எழுபது ஆண்டுகளில் வழக்கின் கதையாகவே நிலைத்துவிட்டது. வீடு திரும்பாத கணவனைத் தேடி அலைந்த அவருடைய மனைவி, வக்கீல்கள் சொல்லும் கதைகளில் ஒரு வரிக்கு மேல் வருவதில்லை.