மெல்லிய நூலின் அறம்

1898 ஜூன் 1 அன்று, கலிபோர்னியாவின் கட்டலினா தீவுக் கடலில், சார்லஸ் ஃபிரெடெரிக் ஹோல்டர் தூண்டிற்கோலும் ரீலும் கொண்டு 183 பவுண்டு (83 கிலோ) எடையுள்ள நீலத்துடுப்புச் சூரையைப் பிடித்தார். அந்நாளில் அங்கே பலர் முரட்டுக் கைக்கயிறுகளால் தேவைக்கு மேல் மீன்களை இழுத்துக் குவித்து வீணாக்கினர். மனம் நொந்த ஹோல்டர், அதே ஆண்டில் அவலான் ஊரில் சூரைச் சங்கத்தை நிறுவினார். மெல்லிய நூலே வேண்டும். பிறர் உதவியின்றி மீனைப் படகருகே கொணர வேண்டும் என்று அது விதித்தது. நூல் அறுந்தால் மீனுக்கு விடுதலை. தப்பும் வாய்ப்பளிப்பதே நேர்மை என்பது அவர்கள் கொள்கை. ஆயினும் நெடுநேரம் போராடிக் களைத்து மடிந்த சூரைக்கு அந்த நேர்மை என்ன ஆறுதல் தந்திருக்கும்? மனிதன் தன் பேராசைக்குத் தானே வேலியிட்ட கதையாகவே நாம் இதை வாசிக்கிறோம். வேலிக்கு அப்பாலும் வேட்டை தொடர்ந்ததை மறவாமல்தான்.