புழுவெட்டும் மருந்தும்: ஒரு வரலாற்று நோக்கு

தலையில் வட்ட வட்டமாக மயிர் உதிரும் நோயைப் ‘புழுவெட்டு’ என நம்மவர் வழங்குவர். புழு எதுவும் வெட்டுவதில்லை. எனினும் இப்பெயரைப் பாமரர் மயக்கமென்று தள்ளிவிடுதல் தகாது. 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய மருத்துவரிற் பலரும் ஏறத்தாழ இவ்வாறே நம்பினர். பாரிசில் 1843இல் குரூபி என்பார் தலைப்படையிற் பங்கசு ஒன்றைக் கண்டமை, இதுவும் ஒட்டுண்ணி நோயே என்ற கட்சிக்கு வலுவூட்டிற்று. நரம்புக் கோளாறே காரணம் என்றது எதிர்க்கட்சி. உண்மையில், உடலைக் காக்கவேண்டிய நிணநீர்க் குழியங்களே மயிர்ப்புடைப்பைப் பகையெனக் கொண்டு தாக்குகின்றன. புடைப்போ அழிந்துவிடுவதில்லை. மயிர் மீண்டும் முளைக்கலாம் என்ற நம்பிக்கை அதனால் அறுவதில்லை; அந்நம்பிக்கையே நோயாளரைப் பல அபாயங்களுக்கும் இணங்கச் செய்தது.

மூட்டுவாதத்திற்குக் கோட்டிசோன் பயன்படும் என்பது 1949இல் வெளியாயிற்று. 1952இல் டில்லாகா, றொத்மன் ஆகிய இருவரும் அதனை இந்நோயாளருக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தனர். மயிர் முளைத்தது, மருந்தை நிறுத்தியபின் பலருக்கு மீண்டும் உதிர்ந்தது. நெடுங்காலம் உட்கொண்டால் என்பு நலியும், குருதியிற் சீனி ஏறும். உயிரைக் கொல்லாத ஒரு நோய்க்கு எவ்வளவு அபாயத்தை ஏற்கலாம் என்ற வினா அன்றே எழுந்துவிட்டது. பின்னர் உதிர்ந்த இடத்தில் மட்டும் ஊசியேற்றும் முறை வந்தது. சில வட்டங்களுக்கு அது போதும். தலை முழுவதும் வெறுமையானவருக்கு அது ஆகாது.

1970களில் எழுந்த முயற்சி விசித்திரமானது. இருநைத்திரோகுளோரோபென்சீன் என்னும் இரசாயனத்தைப் பூசித் தோலில் வேண்டுமென்றே ஒவ்வாமையை மூட்டினர். குழியங்களின் கவனம் அதனால் திரும்பும் என்பது எதிர்பார்ப்பு. மயிர் சிலருக்கு முளைக்கவே செய்தது. ஆனால் பற்றீரியாக்களில் நடத்திய சோதனையில் அப்பொருள் பரம்பரையலகில் விகாரம் விளைப்பதாகத் தெரியவே, அதன் இடத்தை வேறு இரசாயனங்கள் பிடித்தன.

2010இல் வெளியான பரம்பரையலகு ஆய்வு, தாக்கும் குழியங்களைத் தூண்டும் சமிக்ஞைகளைச் சுட்டிற்று. அவற்றைக் குழியத்தினுள்ளே கடத்துவன ஜானஸ் கைனேசு என்னும் நொதியங்கள். 2014இல் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர், அவற்றைத் தடுக்கும் மருந்தினால் எலிகளிலும் மூன்று நோயாளரிலும் மயிர் முளைத்ததைக் காட்டினர். அவ்வாண்டிலேயே யேல் பல்கலைக்கழகத்தில், மூட்டுவாத மருந்தான டோபாசிட்டினிப்பை உட்கொண்ட 25 வயது இளைஞர் ஒருவருக்கு எட்டு மாதத்தில் புருவமும் இமைமயிரும் உட்பட யாவும் மீண்டன. இதை வெறும் அழகுக் குறை என்போர், ஒரு காலையிற் கண்ணாடியிற் புருவமற்ற தம் முகத்தைக் கண்டவரல்லர்.

ஆயினும் 2021இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டகம் இவ்வகை மருந்துகள் பற்றிக் கடும் எச்சரிக்கை விடுத்தது: மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், குருதி உறைவு. எச்சரிக்கைக்கு அடிப்படையான ஆய்வு, ஐம்பது வயதைத் தாண்டிய, இருதய நோய்க்கு ஏதுவுடைய மூட்டுவாத நோயாளரிடை நடந்தது. அவர்களது அபாயத்தை அப்படியே இளைஞர் தலையிற் சுமத்தலாமா என்பர் சிலர். கேட்கத்தக்க கேள்வியே. ஆனால் 2022இல் அனுமதி பெற்ற பாரிசிட்டினிப்பை நிறுத்தியவருட் பெரும்பாலார் முளைத்த மயிரை இழந்தனர்; 1952இன் கதைதான். ஆகவே இளமையில் தொடங்குபவர் பல்லாண்டுகள் உட்கொள்ள நேரும். சோதனைகளோ சில ஆண்டுகளையே கண்டுள்ளன. முதியோரின் அபாயத்தை இளையோர்க்கு ஏற்றுவது தவறாயின், சில ஆண்டுகளின் நலத்தைக் கொண்டு முப்பதாண்டுகளுக்கு உறுதி கூறுவதும் தவறேயாம்.

பாரிசிட்டினிப் தடுக்கும் நொதியங்களுள் ஒன்று குருதிக்கல ஆக்கத்திற்கும் வேண்டப்படுவது. 2023இல் பன்னிரண்டு வயது முதலானோர்க்கு அனுமதிக்கப்பட்ட ரிட்லெசிட்டினிப் அதனை விடுத்து, பெரிதும் நிர்ப்பீடனக் குழியங்களில் தொழிற்படும் மூன்றாம் வகை நொதியத்தையே குறிவைக்கிறது. இருபத்துநான்கு வாரத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 23 பேருக்கு உச்சந்தலையின் பெரும்பகுதி நிரம்பியது; போலி மருந்து பெற்றவருள் இரண்டு பேருக்கே. அம்மருந்தின் உறையிலும் அதே எச்சரிக்கை அச்சிடப்பட்டுள்ளது.