சிரட்டையும் வெற்றுப் போத்தலும்

சிறுவயதில் திருகோணமலை பாலையூற்றில் பறங்கியர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். வயலின் வாசித்தவரைவிட என்னைக் கவர்ந்தவர், வெற்றுப் போத்தலைக் கரண்டியால் தட்டித் தாளம் போட்ட முதியவர்தாம். அன்று ஆடப்பட்டது ‘காபிரிஞ்ஞா’ என்பதும், அப்பெயருக்குள்ளேயே ‘காப்பிரி’ இருக்கிறான் என்பதும் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பின்னரே எனக்குத் தெரிந்தன.

காப்பிரியர் என்று நாம் அழைக்கும் ஆபிரிக்க வம்சாவளியினரைப் படைவீரராகவும் அடிமைகளாகவும் இத்தீவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர். ஒல்லாந்தர் அவர்களைக் கொண்டு கோட்டை கட்டினர். ஆங்கிலேயர் விலைகொடுத்து வாங்கித் தம் படையில் சேர்த்தனர். கோணேசர் ஆலயத்தை இடித்துப் போர்த்துக்கேயர் எழுப்பிய நமது கோட்டையும் 1639இல் ஒல்லாந்தரிடமும் 1795இல் ஆங்கிலேயரிடமும் வீழ்ந்தது. எசமானர்கள் மாறினர், காப்பிரியரின் நிலை மாறவில்லை. 1873இல் இலங்கை ரைபிள் படை கலைக்கப்பட்டது. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று புத்தளத்தை அடுத்த சிரம்பையடியிலும், சிறு தொகையினராகத் திருகோணமலை, மட்டக்களப்பு, நீர்கொழும்பு ஆகிய ஊர்களிலும் வாழ்கின்றனர்.

சிரம்பையடியில் ‘மஞ்சா’ பாடும்போது றபானும் டோலக்கும் இருக்கும். ஆனால் அந்த இசைக்கு உயிர் கொடுப்பவை தேங்காய்ச் சிரட்டை, கண்ணாடிப் போத்தல், கரண்டி ஆகியவை. மெதுவாகத் தொடங்கும் தாளம் போகப் போக விரையும். இரண்டொரு அடிகளே திரும்பத் திரும்ப வரும்.

வீட்டுப் பொருள்களைத் தட்டி இசைப்பதற்கென்றே அமெரிக்கரான ஜான் கேஜ் 1940இல் ‘லிவிங் ரூம் மியூசிக்’ என்றொரு படைப்பை எழுதினார். அது பரிசோதனை இசை எனப் போற்றப்படுகிறது. போற்றட்டும். அடுக்களையில் கிடைத்ததை எடுத்து அடித்தவர்களின் இசையை மட்டும் நாம் குடிக்கூத்தாகவே பார்த்துவந்தோம். என் பழைய செய்திக் கட்டுரைகளிலும் அந்த ஏளனம் உண்டு. இன்று வாசிக்க வெட்கமாக இருக்கிறது. நாடே ஆடும் பைலாவின் வேர்களுள் ஒன்று இங்குதான் இருக்கிறது.

மஞ்சாப் பாடல்கள் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் அமைந்தவை. சிரம்பையடியில் அம்மொழி வழக்கொழிந்து, சிங்களமே பேச்சுமொழியாகிவிட்டது. பாடுவோரில் பெரும்பாலோர்க்குத் தாம் பாடும் சொற்களின் பொருள் தெரியாது. ஒலியாகவே மனனம் செய்து, பிள்ளைகளுக்கும் அவ்வாறே கொடுக்கின்றனர். கிழக்கிலோ, மட்டக்களப்பிலும் இங்கும் உள்ள பறங்கியருள் அம்மொழி அறிந்த முதியோர் சிலர் இருக்கின்றனர். ஒருபுறம் பொருள் தெரியாத பாடல். மறுபுறம் பொருள் சொல்லக்கூடிய வயோதிபர். இருவரையும் ஒரு திண்ணையில் அமர்த்தி, பாடச் செய்து, பதிவுசெய்ய ஒரு நாள் போதும். அந்த முதியோர் இருக்கும்போதே அதைச் செய்தாக வேண்டும்.