சுட்கி லட்டு கொடுக்க மட்டும்தானா? கார்ட்டூன்கள் குட்டீஸுக்குச் சொல்லித்தரும் `ஆம்பள வேலை, பொம்பள வேலை'

குழந்தைகளுக்கான டிவி நிகழ்ச்சிகளில் யார் சண்டை போடுகிறார்கள், யார் சமைக்கிறார்கள்? போனை குட்டீஸ் கையில் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள்!

2020 ஜூன் மாதம். கொரோனா காலம். ட்விட்டரில் திடீரென ஒரு ஹேஷ்டேக் டிரெண்ட் ஆனது: `ஜஸ்டிஸ் ஃபார் சுட்கி'. `சோட்டா பீம்' கார்ட்டூனில் பீமின் தோழிதான் இந்த சுட்கி. பீம் அவளை விட்டுவிட்டு இளவரசி இந்துமதியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டான் என்று யாரோ கிளப்பிவிட, அந்த கார்ட்டூனைப் பார்த்து வளர்ந்த இளசுகள் கொந்தளித்துவிட்டார்கள். `இத்தனை வருஷம் லட்டு கொடுத்தவளுக்கு இதுதான் நியாயமா?' என்கிற ரேஞ்சில் மீம்ஸ் பறந்தன. கடைசியில் தயாரிப்பு நிறுவனமான கிரீன் கோல்டு அனிமேஷனே, `அவங்க எல்லாரும் இன்னும் குழந்தைங்கதான், யாருக்கும் கல்யாணம் ஆகல' என்று விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது.

காமெடிதான். ஆனால், ஒரு விஷயத்தைக் கவனிச்சீங்களா? சுட்கிக்கு நியாயம் கேட்டவர்களில் பெரும்பாலானோர் கேட்டது ஒரு மாப்பிள்ளையை. `அவளுக்குத் தனியா ஒரு சாகசம் கொடுங்க' என்பதல்ல அந்த டிரெண்டின் கோரிக்கை. லட்டு கொடுத்த பொண்ணுக்குப் பரிசு கல்யாணம் என்ற கணக்கை, நாலு வயசில் இருந்து நாம எங்கே படிச்சோம்?

கூட்டத்தில் ஒருத்தி

`சோட்டா பீம்' 2008-ல் போகோ சேனலில் தொடங்கியது. பீம் லட்டு சாப்பிட்டால் பலம் வரும், எதிரியைப் பறக்கவிடுவான். லட்டு பிடிப்பது டுன்டுன் மௌசி. எடுத்துவந்து கொடுப்பது பெரும்பாலும் சுட்கி. சில எபிசோடுகளில் சுட்கியும் துணிச்சலாகக் களமிறங்குவாள்தான். ஆனால், வழக்கமான டியூட்டி என்னவோ லட்டு டெலிவரிதான்.

பீமை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. `மோட்டு பட்லு', `சிவா', `ருத்ரா' எனத் தலைப்புகளைப் பாருங்கள், எல்லாம் ஆண் பெயர்கள். `டோரேமான்' கூட்டத்தில் நோபிதா, ஜியான், சுனியோ, டோரேமான் நடுவே ஷிசுகா மட்டும் பொண்ணு. 2013-ல் வந்த கனடா கார்ட்டூன் `பா பட்ரோல்' தொடங்கியபோது, அந்த நாய்க்குட்டி மீட்புப் படையில் ஸ்கை மட்டும்தான் பெண்.

இதற்கு 1991-லேயே ஒரு பெயர் வைத்துவிட்டார் அமெரிக்க எழுத்தாளர் கேத்தா பாலிட். `ஸ்மர்ஃபெட் விதி'. `ஸ்மர்ஃப்ஸ்' கார்ட்டூனின் நீலக் குட்டி மனிதர்கள் கூட்டத்தில் ஸ்மர்ஃபெட் என்ற ஒரே ஒரு பெண். ஒரு ஸ்மர்ஃப் புத்திசாலி, ஒருவன் சிடுமூஞ்சி, ஒருவன் சோம்பேறி... அவளுக்கு என்ன குணம்? `பொண்ணு'. அவ்வளவுதான். பையன்கள் நூறு விதமாக இருக்கலாம், பொண்ணுக்கு ஒரே விதம்தான் என்று சொல்லாமல் சொல்வதுதான் இந்த விதி.

இதில் பசங்களுக்கும் அடி உண்டு. ஹீரோ என்றால் அடிக்க வேண்டும், ஜெயிக்க வேண்டும். அழும் நோபிதா எப்போதும் கேலிப்பொருள். `பையன் அழக் கூடாது' என்று வீட்டில் சொல்வதை டிவியும் வழிமொழிகிறது.

ஆறு வயசுக்குள்ளேயே...

`கார்ட்டூன்தானே, இதுக்கு இவ்வளவு யோசிக்கணுமா?' என்று கேட்கலாம். மூன்று வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு `நான் பையன்', `நான் பொண்ணு' என்று சொல்லத் தெரிந்துவிடும். அடுத்து, `அப்போ நான் என்ன செய்யணும்?' என்று சுற்றிலும் ஆதாரம் தேடும் பருவம். சரியாக அந்த வயதில்தான் டிவியும் போனும் கையில் இருக்கின்றன.

2017-ல் `சயின்ஸ்' இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று. `ரொம்ப ரொம்ப புத்திசாலி' ஒருவரைப் பற்றிய கதையைச் சொல்லி, அது யாராக இருக்கும் என்று குழந்தைகளிடம் கேட்டார்கள். ஐந்து வயதில், பெண் குழந்தைகள் பெண்ணையும் ஆண் குழந்தைகள் ஆணையும் ஏறக்குறைய சமமாகக் காட்டினார்கள். ஆறு, ஏழு வயதிலோ தங்கள் இனத்தையே புத்திசாலி என்று காட்டும் பெண் குழந்தைகள் குறைந்துவிட்டார்கள். இதற்கு டிவி மட்டுமே காரணம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால், `நம்மால முடியாது' என்ற எண்ணம் எவ்வளவு சீக்கிரம் உள்ளே போய் உட்காருகிறது என்பதைக் காட்டிவிட்டது.

நடுவில் வரும் விளம்பரங்களும் சளைத்தவை அல்ல. இந்திய விளம்பரங்களை அலசி யுனிசெஃப் அமைப்பும் ஜீனா டேவிஸ் இன்ஸ்டிட்யூட்டும் 2021-ல் ஓர் அறிக்கை வெளியிட்டன. திரையில் அதிக நேரம் வருவது பெண்கள்தான், சுமார் 60 சதவிகிதம். `அட, பரவாயில்லையே!' என்று நினைக்காதீர்கள். அவர்கள் அதிகம் வந்தது சோப்பு, சமையல் சாமான், அழகு க்ரீம் விற்கத்தான்!

விக்கிரமங்கலத்து அம்மாவும் நோபிதா அம்மாவும்

அரியலூர் மாவட்டம், விக்கிரமங்கலம் மாதிரி ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். இதுபோன்ற கிராமங்களின் பல வீடுகளுக்கு முதல் கலர் டிவி, 2006-ல் தொடங்கிய அரசின் இலவச கலர் டிவி திட்டத்தில்தான் வந்தது. அடுத்த ஆண்டே முழுக்க தமிழில் பேசும் சுட்டி டிவி வந்தது. வேற்றுமொழி கார்ட்டூன் கேரக்டர்கள் எல்லாம் நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி தமிழ் பேசத் தொடங்கினார்கள்.

அந்த கேரக்டர்களின் வீடு எப்படி இருக்கும்? நோபிதாவின் அம்மா ஏப்ரன் கட்டிக்கொண்டு சமைப்பார், பெருக்குவார், `ஹோம்வொர்க் முடிச்சியா?' என்று திட்டுவார். அப்பா ஆபீஸிலிருந்து வருவார். `டோரேமான்' காமிக்ஸாகப் பிறந்தது 1969-ல், ஜப்பானில். அந்தக் காலத்து நகர வீடு அது.

நம்ம ஊர்ப்பக்கம் அம்மாக்கள் அப்படியா இருக்கிறார்கள்? பருத்திக் காட்டில் களை வெட்டுகிறார்கள். முந்திரி பொறுக்குகிறார்கள். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு வருபவர்களில் பெரும்பான்மை பெண்கள்தான். மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கணக்குப் பார்க்கிறார்கள், ஸ்கூட்டியில் பிள்ளையை ஸ்கூலுக்குக் கூட்டிப்போகிறார்கள். டிவியில் வரும் அம்மாவைவிட, வீட்டில் இருக்கும் அம்மா எத்தனையோ மடங்கு முன்னால் நிற்கிறார். ஆனால், குழந்தையிடம் `ஒரு அம்மா படம் வரை' என்று சொல்லிப் பாருங்கள். களைக்கொட்டோடு வரைகிறதா, கரண்டியோடா? கண் முன்னால் இருப்பதைவிட திரையில் இருப்பதுதான் `சரியான அம்மா' என்று பதிந்துவிட்டால், அதுதான் உண்மையான இழப்பு.

அது... `அவன்' ஆன கதை

இன்னொரு விஷயம் நம்ம மொழியிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் `கேம்' என்றால் யார் வந்தது என்று தெரியாது. தமிழில் வந்தான், வந்தாள், வந்தது என வினைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். அதனால், நாய்க்குட்டியோ ரயில் வண்டியோ ரோபோவோ, டப்பிங்கில் `அவன்' ஆக்குவதா `அவள்' ஆக்குவதா என்று முடிவெடுத்தாக வேண்டும். நமக்கு டக்கென வாயில் வருவது `அவன்'தான். கதை சொல்லும்போது நீங்களே கவனித்துப் பாருங்கள். சிங்கம் வந்தான், யானை வந்தான்... பட்டாம்பூச்சி மட்டும் வந்தாள்!

டோராவும் ஜேடும்

எல்லாமே மோசம் என்று சொல்லிவிட முடியாது. சுட்டி டிவியின் சூப்பர்ஸ்டாரே ஒரு பொண்ணுதான். டோரா! முதுகில் பை, கையில் மேப், கூடவே புஜ்ஜி. காடு, மலை, ஆறு என்று வழி கண்டுபிடித்துப் போவது அவள்தான். அவளுக்காக யாரும் வந்து சண்டை போடவில்லை. முக்கியமாக, பசங்களும் அவளை ரசித்துப் பார்த்தார்கள். `பொண்ணு ஹீரோயின்னா பசங்க பார்க்க மாட்டாங்க' என்ற வாதம் தமிழ்நாட்டிலேயே தோற்றுப்போனது.

`ஜாக்கி சான்' கார்ட்டூனின் ஜேடும் அப்படித்தான். `நீ இங்கேயே இரு' என்று ஜாக்கி சொன்னால், அடுத்த சீனில் எதிரியின் கோட்டைக்குள் நிற்பாள்.

ஆனால், டோராவையே விட்டுவைக்கவில்லை. 2009-ல் அமெரிக்காவில் பொம்மை நிறுவனமான மேட்டெல், `வளர்ந்த டோரா'வை அறிவித்தது. ஷார்ட்ஸுக்குப் பதில் கவுன் ஸ்டைல் உடை, நீள முடி, நகை! `எங்க டோராவை ஏன் ஃபேஷன் பொம்மை ஆக்குறீங்க?' என்று பெற்றோர்கள் எதிர்ப்புக் கிளப்பினார்கள்.

லட்டுக்குப் பதில் மாம்பழம்

தெற்காசியக் குழந்தைகளுக்காக யுனிசெஃப் 1990-களில் கொண்டுவந்த கார்ட்டூன் `மீனா'. அதை உருவாக்கியதில் முக்கியமானவர், இந்திய அனிமேஷனின் முன்னோடி ராம் மோகன். ஒரு கதையில், மீனா மரமேறி மாம்பழம் பறித்து வருவாள். அம்மா அதை நறுக்கி, பெரிய துண்டை அவள் தம்பி ராஜுவுக்குக் கொடுப்பார். `ஏன்?' என்று கேட்பாள் மீனா. ஒரு நாள் இரண்டு பேரும் வேலையை மாற்றிக்கொள்வார்கள். வீட்டு வேலை எல்லாம் செய்து ராஜு திணறிப்போவான். கதையில் வில்லனும் இல்லை, சண்டையும் இல்லை. அப்பாவும் அம்மாவும் கெட்டவர்களும் இல்லை. பழக்கம்தான் பிரச்னை என்று ஐந்து வயசுக் குழந்தைக்கும் புரியும்படி சொன்ன கதை இது.

ஆப்கானிஸ்தானில் `செசமி ஸ்ட்ரீட்' குழு, 2016-ல் ஜாரி என்ற சிறுமி பொம்மையை அறிமுகப்படுத்தியது. மறு ஆண்டு அவளுக்கு ஜீரக் என்ற தம்பியும் வந்தான். பள்ளிக்கூடம் போகும் அக்காவைப் பார்த்துப் பெருமைப்படும் தம்பி! பெண் குழந்தைக்குத் தைரியம் சொல்வது பாதி வேலைதான், பக்கத்தில் இருக்கும் பையனுக்கும் கற்றுக்கொடுப்பது மீதி.

நீங்க என்ன செய்யலாம்?

வீட்டில் தம்பி, தங்கச்சியோ, அக்கா, அண்ணன் குழந்தைகளோ இருந்தால், பல நேரம் யூடியூபைப் போட்டுக்கொடுப்பது நீங்கள்தான். அதனால் இதெல்லாம் உங்கள் கையில்!

* பிடித்த கார்ட்டூனைத் தடை போட வேண்டாம். கூட உட்கார்ந்து ஒரு எபிசோடு பாருங்கள். `லட்டு ஏன் சுட்கியே கொடுக்கறா? பீம் ஒருநாள் பிடிக்கலாம்ல?' என்று கேளுங்கள். பதிலைக் குழந்தையே சொல்லும்.

* கதை சொல்லும்போது ஆளை மாற்றுங்கள். சிங்கம் `வந்தாள்', பட்டாம்பூச்சி `வந்தான்' என்று சொல்லிப் பாருங்கள்.

* டாக்டர், போலீஸ், டிரைவர் என்றாலே `வந்தாரு' என்கிறோம். `வந்தாங்க' என்று சொன்னால் ஆண், பெண் இருவருமே அதில் வந்துவிடுவார்கள்.

* யூடியூப் ஒரே மாதிரி வீடியோக்களையே வரிசையாகத் தள்ளும். ஆட்டோப்ளேவை ஆஃப் செய்துவிட்டு, அடுத்த வீடியோவை நீங்களே தேர்வு செய்யுங்கள்.

* `பையன் மாதிரி தைரியமா இருக்கா', `பொண்ணு மாதிரி அழுவுறான்' என்ற இரண்டு வசனங்களுக்கும் வீட்டில் லீவு கொடுங்கள்.

* கடைசியாக, டிவியை ஆஃப் செய்த பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் குழந்தை அதிகம் பார்க்கிறது. சாப்பிட்ட தட்டை அக்கா எடுக்கிறாளா, அண்ணனும் எடுக்கிறானா? இந்த எபிசோடு தினமும் மூன்று வேளை ஓடுகிறது. இதற்கு டைரக்டர் நீங்கள்தான்!